சிப்பிப் பேட்டையில் ஓர் அறை

ஜூன் இருபத்தெட்டு, காலை எட்டு மணி ஐந்து நிமிடம். ஃபோஸ்கோ கணினியைத் திறந்தபோது மூன்று வரிகள் மஞ்சளாக நின்றன.

நகராட்சியின் வண்டி அனுமதிப் பிரிவில் அவனுக்கு இது இருபத்திரண்டாவது வருடம். சியெனாவின் மதிலுக்குள் வெளி வண்டி நுழையக் கூடாது. நுழைந்தால் வாசலில் இருக்கும் கேமரா படம் பிடிக்கும், அபராதச் சீட்டு வீட்டுக்கு வரும். விடுதியில் தங்குகிறவர்களுக்கு மட்டும் விலக்கு. வண்டி எண்ணையும் வருகிற போகிற தேதிகளையும் விடுதிக்காரர்கள் தினமும் அனுப்புவார்கள். கணினி அவற்றைத் தானாகவே பச்சையாக்கிவிடும்.

உள்ளூர் முகவரியில் பதிவான வண்டி வந்தால்தான் மஞ்சளில் நிற்கும். சொந்த ஊரில் எவன் விடுதியில் தங்கப்போகிறான். விடுதி வைத்திருக்கும் சிநேகிதனைப் பிடித்து வண்டியை உள்ளே விடப் பார்க்கிறான் என்று பொருள். அதை மனிதன் ஒருவன் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். அந்த மனிதன் ஃபோஸ்கோ.

முதல் இரண்டையும் தள்ளினான். இரண்டு பேருமே தெரிந்தவர்கள்.

மூன்றாவது அவனுடைய வண்டி.

எண்ணை இரண்டு முறை படித்தான். பதினோரு வருடமாக ஓட்டுகிற வண்டி. விடுதி, மூன்று வாசல் விடுதி. அதுவும் சரி. அவன் மனைவி ஒர்னெல்லா இன்று மாலை அங்கேதான் போகிறாள். முட்டி வலியோடு பெட்டியை இழுத்துக்கொண்டு கல் பாவிய தெருவில் ஏற முடியாது. வண்டியில்தான் போயாக வேண்டும்.

வீட்டிலேயே அனுமதி எழுதுகிறவன் இருக்க, அவள் விடுதி வழியாகக் கேட்டிருக்கிறாள். அது ஒன்றுதான் உறுத்தியது.

பிறகு தேதியைப் பார்த்தான்.

வருகை, ஜூன் 28. புறப்பாடு, ஜூலை 12.

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஏணியில் நின்று கொடி கட்டிக்கொண்டிருந்தான். ஃபோஸ்கோ விரல் விட்டு எண்ணினான். பதினான்கு இரவு.

ஐந்து இரவுதான் கணக்கு. எப்போதும் அதுதான்.

*

ஊரின் பேட்டைகள் ஒன்றோடொன்று மோதும் குதிரைப் பந்தயம் ஜூலை இரண்டில். குதிரைகளைப் பேட்டைகளுக்குக் குலுக்கிப் போடுவது ஜூன் இருபத்தொன்பதில். ஃபோஸ்கோ கடாப் பேட்டைக்காரன். ஒர்னெல்லா சிப்பிப் பேட்டைக்காரி. இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பேட்டைகள், நூற்றாண்டுப் பகை. பேட்டை மாறிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இந்த ஊரில் நிறைய உண்டு. பந்தய நாட்களில் அவர்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பதில்லை. மனைவி பிறந்த வீட்டுக்குப் போவாள். பந்தயம் முடிந்த மறுநாள் திரும்பி வருவாள். ஜெயித்தவர் பேச மாட்டார், தோற்றவர் கேட்க மாட்டார்.

இருபத்தாறு வருடம் ஒர்னெல்லா அப்படித்தான் போய் வந்தாள். ஜூலைப் பந்தயத்துக்கு ஒரு முறை, ஆகஸ்ட் பந்தயத்துக்கு ஒரு முறை. கையில் சின்னப் பை ஒன்றுதான் இருக்கும்.

போன அக்டோபரில் அவள் அம்மா ஆர்ஜியா இறந்துபோனாள். மார்ச்சில் ஒர்னெல்லாவும் அவள் தம்பி சௌரோவும் வீட்டை விற்றார்கள். வாங்கியவன் மிலானோவைச் சேர்ந்தவன். சுவரை இடித்துக்கொண்டிருக்கிறான்.

ஆகவே இந்த வருடம் ஒர்னெல்லாவுக்குப் போக இடமில்லை. சௌரோ மதிலுக்கு வெளியே வெகுதூரத்தில் இருக்கிறான். வேறு பேட்டையில் தூங்க அவள் சம்மதிக்க மாட்டாள். சொந்த ஊரில், தன் பேட்டைக்குள்ளேயே, ஒரு விடுதி அறை தேட வேண்டியிருந்தது. பந்தய வாரத்து அறைகளை வெளிநாட்டுக்காரர்கள் போன வருடமே பிடித்துவிட்டார்கள்.

மகள் கிளேலியா ஃப்ளாரன்ஸில் இருந்தபடி போன் மேல் போன் போட்டாள். கடைசியில் மூன்று வாசல் விடுதி வன்னா கை கொடுத்தாள். வன்னா ஒர்னெல்லாவோடு படித்தவள். சிப்பிப் பேட்டைக்காரி யாருக்காவது அவசரம் வந்தால் கொடுக்க ஓர் அறையை எப்போதும் ஒதுக்கி வைத்திருப்பாள்.

அறை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது ஃபோஸ்கோதான். கட்டம் போட்ட தாளில். மின்தூக்கி வேண்டும், முட்டி. தரையில் கம்பளம் கூடாது, தும்மல். கண் சொட்டு மருந்து வைக்கச் சின்னக் குளிர்பெட்டி. ஜன்னல் முற்றத்துப் பக்கம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் ஏழரைக்கு வேலைக்கு இருக்க வேண்டும், அதனால் ஆறரைக்குக் காலை உணவு. கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. வரிசையாக எழுதி அடியில் கோடும் போட்டான்.

“அம்மாவை ஆஸ்பத்திரியில சேக்குறியா, விடுதியிலயா?” என்று கிளேலியா போனில் கேட்டாள்.

ஒர்னெல்லா அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

*

“என்ன கடா, அந்தப் பொட்டியவே மொறைச்சுக்கிட்டு இருக்கே?” அடுத்த மேஜை மொரேனா கேட்டாள். அவள் வெளியூர், க்ரோஸெத்தோக்காரி. இந்த ஊரின் பைத்தியம் தனக்குப் பிடிக்கவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

“மஞ்சள் ஒண்ணு.”

“உள்ளூரா? தள்ளிவிடு.”

“நிஜமாவே தங்குறாங்க.”

“சொந்த ஊர்ல ரூம் போடுறவங்க ரெண்டே வகைதான். ஒண்ணு கள்ளக்காதல். இன்னொண்ணு வீட்டுல சண்டை.”

“மூணாவது ஒண்ணு இருக்கு. பந்தயம்.”

“அது ரெண்டாவது வகைதானப்பா,” என்றாள் மொரேனா. “வெளியில மட்டும் கொடி கட்டியிருக்கும்.”

ஃபோஸ்கோ சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனான்.

“மூணு வாசல் விடுதி.”

“வன்னா, ஃபோஸ்கோ பேசறேன்.”

“அட. நாளைக்குத்தான் குதிரை குலுக்கறாங்க. கடாக்கூட்டம் இன்னிக்கே வேவு பாக்க ஆரம்பிச்சாச்சா?”

“லிஃப்ட் ஓடுதா?”

“ஓடுது. போன வாரம்தான் ஆள் வந்து பாத்தான்.”

“குளிர்பெட்டி?”

“ரூம்லயே வெச்சாச்சு. கம்பளத்த எடுத்தாச்சு. கம்பி அடிச்சாச்சு. உன் கட்டம் போட்ட தாள என் மேஜையில ஒட்டி வெச்சிருக்கேன். என் புருஷன் ஒரு தடவை எனக்கு இப்படி எழுதியிருந்தா நான் அவனை விட்டுட்டு...”

வன்னா நிறுத்திக்கொண்டாள். பின்னால் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

“ஜன்னல் முத்தத்துப் பக்கம்தானே?” ஃபோஸ்கோ கேட்டான்.

“இல்ல. தெருப் பக்கம் வேணும்னா. மாத்திக் குடுத்துட்டேன்.”

“ராத்திரி பூரா பாட்டும் மேளமுமா இருக்குமே.”

“பின்ன எதுக்கு வர்றா?”

ஃபோஸ்கோ படிக்கட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். கொடி கட்டியவன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே தெருவில் நடந்தான்.

“வேற ஏதாவது கேக்கணுமா, ஃபோஸ்கோ?” இந்த முறை அவள் கடா என்று சொல்லவில்லை.

கேட்க ஒன்றுதான் இருந்தது. ஏன் பன்னிரண்டாம் தேதி என்று. நாக்கின் நுனி வரை வந்தது.

“இல்ல,” என்றான். “லிஃப்ட்தான்.”

*

மேஜைக்குத் திரும்பினான். மஞ்சள் வரி அங்கேயே இருந்தது.

தள்ளினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். மாலையில் அவள் வாசலைத் தாண்டும்போது கேமரா படம் எடுக்கும். மூன்று வாரத்தில் அபராதச் சீட்டு அவர்கள் வீட்டுக்கே வரும். அவன் பெயருக்கு.

தேதியைக் குறைக்கவும் வழி உண்டு. சந்தேகம் இருந்தால் அதிகாரி நாட்களைக் குறைத்து ஒப்புதல் தரலாம். காரணம் எழுதக்கூடத் தேவையில்லை.

புறப்பாட்டுக் கட்டத்தில் 12ஐ அழித்தான். 03 என்று அடித்தான்.

திரையில் அது சரியாக இருந்தது. வருடா வருடம் இருக்கும் தேதி. ஜூலை மூன்று காலை அவள் வருவாள், பையை நாற்காலியில் வைப்பாள், காப்பிப் பாத்திரத்தைக் கழுவி வைக்கவில்லையே என்பாள்.

கையைச் சுட்டெலி மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

ஆர்ஜியாவின் வீட்டைக் காலி செய்த நாள் நினைவுக்கு வந்தது. மார்ச் மாதம், மழை. பந்தயமும் இல்லை, பகையும் இல்லை, யாரும் எந்தத் தெருவிலும் நடக்கலாம். சௌரோவும் ஒர்னெல்லாவும் அம்மாவின் அலமாரியை மூன்றாம் மாடியிலிருந்து இறக்கினார்கள். ஃபோஸ்கோ சிப்பிப் பேட்டைக்குள் போகும் பிஸ்பீனி வாசலுக்கு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். உள்ளே வண்டி விட முடியாது என்று சொன்னான். ஊருக்கே அனுமதி எழுதுகிறவன், தனக்கு ஒன்று எழுதிக்கொள்ளவில்லை.

ஏன் என்று அவனுக்கே தெரியாது. பேட்டைப் பகை என்று சொல்ல முடியாது. இருபத்தாறு வருடமாக அந்த வாசலோடு நின்று பழகிவிட்டான். பந்தய நாட்களின் பழக்கம் வருடம் முழுக்கப் பரவியிருந்தது.

ஒர்னெல்லா அன்று நனைந்து வந்து வண்டியில் ஏறினாள். மடியில் அம்மாவின் மாவு சலிக்கும் சல்லடை. வீடு வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை.

ஃபோஸ்கோ 03ஐ அழித்தான். 12 என்று அடித்தான்.

அவள் கேட்டதைக் குறைக்க நான் யார் என்று நினைத்துக்கொண்டான். நியாயமான எண்ணம் போல இருந்தது. களைப்பாகவும் இருந்தது. இரண்டில் எது விரலை அழுத்தியது என்று பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை.

வரி பச்சையானது. மணி பத்து நாற்பத்திரண்டு.

“முடிச்சிட்டியா?” மொரேனா கேட்டாள்.

“முடிஞ்சுது.”

“எந்த வகை?”

“தெரியல.”

*

மதியம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சலாமி வைத்த ரொட்டியைப் பாதி தின்றான். கிளேலியா கூப்பிட்டாள்.

“அப்பா, நான் நாளைக்கு ஒன்பது மணி பஸ்ல வர்றேன். நேரா அம்மாகிட்டப் போயிடுவேன். கோவிச்சுக்காதே.”

“எதுக்குக் கோவிக்கப்போறேன்? நீ அவங்க கட்சிதானே.”

அது பழைய ஏற்பாடு. கல்யாணமானபோது இருவரும் மதிலுக்கு வெளியே பொதுவிடத்தில் வீடு பார்த்தார்கள். வீட்டு வாசலில் யார் கொடியும் இல்லை என்று முடிவானது. பிள்ளை பிறந்தபோது அதைப் பேட்டையில் சேர்க்கும் ஞானஸ்நானம் எந்தப் பேட்டை ஊற்றில் என்று மூன்று மாதம் இழுத்தது. ஃபோஸ்கோ விட்டுக்கொடுத்தான். அவன் விட்டுக்கொடுத்தான் என்பதை ஊர் மறந்தாலும் கடாப் பேட்டை மறக்கவில்லை.

“தலகாணி எடுத்துவெக்கச் சொல்லு,” என்றாள் கிளேலியா. “வன்னா ஆன்ட்டி வீட்டுத் தலகாணி கல்லு மாதிரி.”

“சொல்றேன்.”

“நீ என்ன சாப்புடுவே?”

“அம்மா செஞ்சு வெச்சிருப்பா.” ரொட்டியைத் தாளில் சுற்றினான். “நீ எத்தனை ராத்திரிக்குப் போட்டே?”

“எதை?”

“அறையை.”

“அஞ்சு. எப்பவும் போல. ஏன்?”

“சும்மாதான்.”

“அப்பா.”

“ம்.”

“சும்மான்னா நீ எதையும் கேக்க மாட்டியே.”

“வெயிலு,” என்றான் ஃபோஸ்கோ. “தலை வலிக்குது.”

கிளேலியா விடவில்லை. “அம்மா போன மாசம் எனக்கு ஒரு நாள் போன் பண்ணா. ஒண்ணும் விசேஷமில்ல. இருபது நிமிஷம் பேசினா. வைக்கும்போது, உங்கப்பா ரொம்ப நல்லவர்னு சொன்னா. செத்தவங்களைப் பத்திச் சொல்ற மாதிரி இருந்துச்சு.”

“நல்லவன்தானே.”

“ஜோக்கா?”

“இல்ல,” என்றான்.

*

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தான். ஜன்னல் பலகைகள் சாத்தியிருந்தன. உள்ளே இருட்டும் சூடும். கூடத்தின் நடுவில் பெட்டி நின்றது.

பெரிய பெட்டி. சார்தினியாத் தீவுக்குப் போனபோது வாங்கியது. இரண்டு பேர் துணி போகும்.

ஒர்னெல்லா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பலகையின் ஒரு முனையில் அவள் பேட்டையின் நிறமான நீலப் பட்டுக் கழுத்துத் துண்டு மடித்துக் கிடந்தது. இப்போது அவனுடைய சிவப்பு மஞ்சள் துண்டு இஸ்திரிப் பெட்டியின் கீழே இருந்தது. வருடா வருடம் இரண்டையும் அவள்தான் தேய்ப்பாள். எதிரியின் துண்டைத் தேய்க்கும்போது மட்டும் நீர் தெளிக்க மாட்டாள். இந்த முறை தெளித்திருந்தாள்.

“மருந்து எடுத்துக்கிட்டியா?”

“குளிர்பெட்டியில இருக்கு. கிளம்பும்போது எடுக்கணும்.”

“கிளேலியா தலகாணி எடுத்துவெக்கச் சொன்னா.”

“வெச்சாச்சு.”

அவன் பெட்டியின் கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தான். “கனமா இருக்கே.”

“அம்மா வீட்டுல எல்லாமே இருந்துச்சு. ராத்திரி உடுப்பு, செருப்பு, பல் தேய்க்கிற பிரஷ்ஷு கூட. இருபத்தாறு வருஷத்துல எதையும் கட்டிக்கிட்டுப் போனதில்ல.” இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “பொட்டி கட்டவே மறந்துபோச்சு. வேலை முடிஞ்சு வந்ததுலேர்ந்து ரெண்டு தடவை எல்லாத்தையும் எடுத்து வெளியில போட்டேன்.”

“காப்பிப் பாத்திரம் எங்க?” அடுப்பைப் பார்த்துக் கேட்டான்.

“உள்ள வெச்சிட்டேன்.”

“அங்கதான் காப்பி தர்றாங்களே.”

“ஆறரைக்குத் தர்றா. நான் அஞ்சரைக்கு எழுந்திருவேன். வன்னாவோட அடுக்களையில போட்டுக்குவேன்.”

“நான் எதுல போட்டுக்கறது?”

அவள் அவனைப் பார்த்தாள். “மேல் அலமாரியில சின்னது ஒண்ணு இருக்கு. ஒரு ஆளுக்கானது.”

அவன் தலையாட்டினான். குளிர்பெட்டியைத் திறந்து தண்ணீர் எடுத்தான். நடுத்தட்டில் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. கறிக் குழம்பு, பீன்ஸ், தக்காளிக் கஞ்சி. ஒவ்வொன்றின் மேலும் அவள் கையெழுத்தில் கிழமை. எண்ணினான். ஐந்து.

மூடிவிட்டு மறுபடியும் திறந்து எண்ணினான். ஐந்துதான்.

ஐந்து டப்பா செய்தவள் ஐந்தாம் நாள் வருவாள் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உன் பாடு என்றும் எடுத்துக்கொள்ளலாம். தண்ணீரைக் குடித்தான். சில்லென்று பல்லில் ஏறியது.

“ஏதாவது விட்டுப்போச்சா?” ஒர்னெல்லா கேட்டாள்.

“இல்ல.”

“நல்லா பாரு.”

“எல்லாம் இருக்கு.”

அவள் துண்டை நான்காக மடித்து அவன் கையில் வைத்தாள். கதகதப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள், அடுத்து எதையோ எடுக்க வேண்டியவள் போல. பிறகு இஸ்திரிப் பெட்டியின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

ஊறவைத்த ரொட்டியில் தக்காளியும் வெள்ளரியும் போட்டுப் பிசைந்தது இருந்தது. இரண்டு பேரும் நின்றுகொண்டே தின்றார்கள்.

“உப்பு போதுமா?”

“போதும்.”

“போதலன்னாலும் போதும்னுதான் சொல்லுவே.”

“கொஞ்சம் கம்மி,” என்றான்.

அவள் உப்பை எடுத்துக் கொடுத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் போலத் தெரிந்தது. கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள்.

*

ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். பெட்டியை ஃபோஸ்கோ இறக்கி வண்டியில் ஏற்றினான். தலையணை பின் சீட்டில் ஒரு ஆள் போல உட்கார்ந்திருந்தது. ஓட்டியது ஒர்னெல்லா. வண்டி அவளோடு போகிறது, அதனால் இன்று அவள்தான் ஓட்ட வேண்டும்.

மதிலைச் சுற்றிப் போகும் சாலையில் நெரிசல். சுற்றுலாப் பேருந்துகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. உள்ளே எங்கோ மேளம் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரே அடி, திரும்பத் திரும்ப.

“எங்க பசங்க,” என்றாள்.

“எங்க பசங்க. உங்காளுங்களுக்கு இவ்வளவு தாளம் வராது.”

அவள் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. வருடா வருடம் சொல்வதுதான்.

ரோமானா வாசலுக்கு வெளியே ஓரமாக நிறுத்தினாள். அவன் இறங்குகிற இடம். உள்ளே போனால் கடாப் பேட்டை, சங்கக் கூடத்தில் சாப்பாடு, நீள மேஜைகள், நாளைக்கு எந்தக் குதிரை வரும் என்று பேச்சு. அவள் இன்னும் ஐந்து நிமிடம் சுற்றிப் போய்ப் பிஸ்பீனி வாசலில் நுழைய வேண்டும்.

ஃபோஸ்கோ துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டான்.

“முன்சக்கரத்துல காத்து கொஞ்சம் கம்மி,” என்றான். “வாசல்ல திரும்பும்போது பாத்து. கல்லு துருத்திக்கிட்டு இருக்கும்.”

“எனக்குத் தெரியாத வாசலா?”

“பொட்டியை நீ இறக்காதே. வன்னாவைக் கூப்புடு.”

“சரி.”

“முட்டிக்கு ராத்திரி ஐஸ் வை.”

“சரி.”

கதவின் பிடியில் கை வைத்தான். வழக்கமாக இந்த இடத்தில் அவள் ‘தோத்துப் போ’ என்பாள். அவன் ‘நீ முதல்ல’ என்பான். அவ்வளவுதான் விடைபெறுதல்.

ஒர்னெல்லா சாவியைத் திருப்பி இயந்திரத்தை அணைத்தாள்.

பின்னால் ஒரு வண்டிக்காரன் ஒலி எழுப்பினான். அவள் திரும்பவில்லை.

“பத்து நாப்பத்தஞ்சுக்கு வன்னா கூப்பிட்டா,” என்றாள். “அனுமதி வந்துருச்சுன்னு சொன்னா.”

அவன் பிடியிலிருந்து கையை எடுத்தான்.

“உன்னைக் கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல எழுதிக் குடுத்திருப்பே. தெரியும். ஆனா உன்கிட்டக் கேட்டா தேதி சொல்லணும். மூணு வாரமாச் சொல்லிப் பாத்தேன். சாப்புடும்போது, படுக்கும்போது, பல் தேய்க்கும்போது. வாய் வரல.” ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள், ஓடுகிற வண்டியைப் பிடித்திருப்பது போல. “உள்ளூர் வண்டின்னா மஞ்சள்ல நிக்கும்னு நீதான் ஒரு நாள் சொன்னே. உன் மேஜைக்குத்தான் வரும்னும் சொன்னே. அதனால வன்னாகிட்ட நம்பரக் குடுத்தேன்.”

மேளம் நின்றது. யாரோ யாரையோ திட்டும் சத்தம் கேட்டது. மறுபடி அதே அடி.

“காலையிலேர்ந்து, நீ கூப்புட்டுக் கேப்பியான்னு, போனை மேஜை மேலயே வெச்சுக்கிட்டு ரத்தம் குடுக்க வந்தவங்களுக்கு டோக்கன் குடுத்துக்கிட்டிருந்தேன். ஒரு கிழவருக்கு ரெண்டு தடவை குடுத்துட்டேன். எந்த ரத்தத்தம்மா முதல்ல குடுக்கறதுன்னு கேக்குறார்.”

ஃபோஸ்கோ முன் கண்ணாடி வழியாக வாசலைப் பார்த்தான். வளைவின் கீழே கேமரா. அதற்குக் கீழே அவன் பேட்டை ஆட்கள் இரண்டு பேர் நின்று சிகரெட் பிடித்தார்கள். ஒருவன் இவனைப் பார்த்துக் கையை உயர்த்தினான்.

மூன்று என்று அடித்ததும், அழித்ததும், திரையில் அந்த எண் நின்ற அரை நிமிடமும் அவனுக்குள் இருந்தன. அவற்றை எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியவில்லை.

“அஞ்சு டப்பாதான் இருந்துச்சு,” என்றான் கடைசியில்.

“எண்ணினியா?”

“ரெண்டு தடவை.”

“அதையும் நீ என்கிட்டக் கேக்கல.” அவள் இப்போதுதான் அவன் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அது சொட்டு மருந்து போடுகிற கண். “நான் கோவமாக் கேக்கல, ஃபோஸ்கோ. கோவப்பட எனக்கும் சக்தியில்ல. தெரிஞ்சுக்கிட்டு உள்ள போகணும், அவ்வளவுதான். மூணாம் தேதின்னு மாத்தறது உன் கையில இருந்துச்சு. ஏன் மாத்தல?”